மேய்ப்பரின் குரலில் பேசும் அந்நியன்: சேகர குருமாருக்கும் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் சபைகளில் ஊழியம் செய்யும் அன்பான ஐயர்மார்களுக்கும், பாஸ்டர்மார்களுக்கும், சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) உறுப்பினர்களுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஞாயிறு காலை ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது. முழங்கால் வலியால் கோவிலுக்கு வர முடியாத ஒரு பாட்டியின் போனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. “ஸ்தோத்திரம் அம்மா. ஐயர் பேசுறேன், இது என் புது நம்பர். ஆராதனையில இருக்கேன், போன் எடுக்க முடியாது. நம்ம சபைப் பிள்ளை ஒண்ணுக்கு அவசர ஆபரேஷன். 8,000 அனுப்பி வைங்க, சாயங்காலம் தந்துடுறேன். யாருக்கும் சொல்ல வேண்டாம், அந்தக் குடும்பம் கூச்சப்படும்.” படத்தில் அங்கி போட்ட ஐயர். எதிரே டிவியில் யூடியூப் நேரலை. அதிலும் ஐயர் பீடத்தில்தான் நிற்கிறார். கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. பாட்டி பணத்தை அனுப்பிவிடுவார்.

இதில் எதையும் எவனும் பூட்டை உடைத்து எடுக்கவில்லை. ஐயரின் படம் சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்தது. பாட்டியின் எண் ஜெபக்குழுவில் இருந்தது. அந்தக் குழுவில் சேரும் லிங்க், யூடியூப் வீடியோவின் கீழே எல்லாருக்கும் தெரியும்படி கிடந்தது. ஐயர் எந்த நேரத்தில் போன் எடுக்க மாட்டார் என்பதை நேரலையே சொல்லிக்கொடுத்தது. “ஸ்தோத்திரம் அம்மா” என்று தொடங்க வேண்டும் என்பதைக் குழுவில் இரண்டு நாள் சும்மா இருந்து வாசித்தாலே கற்றுக்கொள்ளலாம். மீதியைப் பாட்டியின் இரக்கம் செய்தது. அந்த இரக்கத்தை அவருக்குக் கற்றுத்தந்தது நாம்தான். அதைத் திருடன் எடுத்துச் செலவழிக்காதபடி காப்பதும் நம் பொறுப்பு என்பதாலேயே இந்த மடல்.

ஆடுகள் மேய்ப்பனின் சத்தத்தை அறியும், அந்நியனுக்குப் பின்செல்லாது என்று யோவான் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இப்போது அந்தச் சத்தத்தையே நகல் எடுக்க முடிகிறது. குரலை நகலெடுக்கும் செயலிகளுக்குச் சத்தமில்லாத இடத்தில், ஒரே ஆள், மைக்குக்கு அருகில் நின்று பேசிய பதிவுதான் வேண்டும். சில விநாடிகளே போதும். நம் சபைச் சேனல்களிலோ ஒவ்வொரு போதகருக்கும் மணிக்கணக்கில் பிரசங்கம் கிடக்கிறது. அதை நீக்கச் சொல்லவில்லை. வசனம் போய்ச் சேரட்டும். ஆனால் “குரலைக் கேட்டேன், அவர்தான்” என்பது இனி சாட்சி ஆகாது. வீடியோ காலில் முகத்தைப் பார்த்தேன் என்பதும் ஆகாது.

ஆகவே நாங்கள் கேட்பதில் முதலாவது, எல்லாவற்றிலும் பெரியது, ஒரே ஒரு விதி. ஐயரோ, சபை ஊழியரோ, கமிட்டியாரோ போனிலும் செய்தியிலும் ஒருநாளும் பணம் கேட்க மாட்டார்கள். உதவி தேவையானால் பீடத்திலிருந்து அறிவிக்கப்படும், அல்லது இரண்டு பேர் வீட்டுக்கு வந்து ரசீது புத்தகத்தோடு கேட்பார்கள். இந்த விதிக்கு விலக்கே கூடாது. நல்ல காரியத்துக்காக ஒரே ஒருமுறை ஐயரே வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டால், அடுத்த முறை கேட்பவன் யார் என்று சபையாருக்குத் தெரியாது. உண்மையிலேயே அவசரமான ஆபரேஷனுக்கு இதனால் ஒரு மணி நேரம் தாமதமாகலாம். அந்தச் சுமையை ஏற்கத்தான் வேண்டும்.

குழுக்களுக்கு வருவோம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரின் எண்ணும் அத்தனை பேருக்கும் தெரியும். சபை முழுவதையும் ஒரே குழுவில் போடுவது, சபை விலாசப் புத்தகத்தை டீக்கடைப் பெஞ்சில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம். அறிவிப்பு மட்டும் போதுமென்றால் வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள். பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் இன்னொரு வழி. ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம், அனுப்புபவரின் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். “எனக்கு மட்டும் அறிவிப்பு வரல” என்று ஒருவர் சொன்னால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஜெபக்குழு வேண்டும் என்றால், குழுவின் பெயரைத் தொட்டு, குரூப் பர்மிஷன்ஸுக்குள் போய், புதியவர்களைச் சேர்க்கும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் வையுங்கள். அங்கேயே ‘அப்ரூவ் நியூ மெம்பர்ஸ்’ இருக்கும், அதையும் போடுங்கள். பிறகு ‘இன்வைட் வயா லிங்க்’ பகுதியில் ‘ரீசெட் லிங்க்’கை அழுத்துங்கள். ஆராதனை நோட்டீஸிலும் யூடியூபிலும் ஊர் முழுக்கச் சுற்றிய பழைய லிங்க் அந்த நொடியே செத்துப்போகும். ஆனால் அதன் வழியே முன்பே உள்ளே வந்தவர்கள் உள்ளேயேதான் இருப்பார்கள். இதை மறந்துவிடுகிறோம். சபைப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபாருங்கள். 300 பேர் உள்ள குழுவுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலை வேலை. காலமான மூப்பர்களின் எண்களையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். ரீசார்ஜ் நின்று முடக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்துக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுக்கலாம். மறைந்த தாத்தாவின் பெயரைக் காட்டிக்கொண்டு குழுவில் முன்பின் தெரியாத ஒருவர் இருக்க இடம் கொடுக்கக் கூடாது.

ஜெப விண்ணப்பங்களைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒருவருக்கொருவர் பாரம் சுமப்பது நம் உயிர்நாடி. ஆனாலும் குழுக்களில் வரும் விண்ணப்பங்களைத் திருடன் கண்ணால் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அக்காவின் பெயர், தெரு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, என்ன வியாதி, மகன் துபாயில் இருக்கிறான், அடுத்த வெள்ளிதான் வருவான், வீட்டில் யாரும் இல்லை. இத்தனையும் ஒரே செய்தியில். ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி அந்த மகனைக் கூப்பிட இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்? “நம் சபைச் சகோதரி ஒருவருக்குச் செவ்வாயன்று அறுவை சிகிச்சை. மருத்துவர்களின் கைகளுக்காகவும் வீட்டாரின் சமாதானத்துக்காகவும் ஜெபியுங்கள்.” இது போதும். ஆண்டவருக்கு வார்டு எண் தெரியும். பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டியதை புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், முகம் பார்த்து, வாயால் சொல்லலாம். மனநோய், குடும்பத் தகராறு, கர்ப்பம், கடன் ஆகியவற்றைச் சம்பந்தப்பட்டவரின் வாயிலிருந்து சம்மதம் வராமல் குழுவில் போடவே கூடாது. ஆவியில் உண்மையுள்ளவன் காரியத்தை அடக்குகிறான் என்ற நீதிமொழி இன்றைக்கு ‘ஃபார்வர்டு’ பொத்தானுக்கு முன்னால் நின்று சொல்லப்பட வேண்டியது.

அடுத்து, கல்யாணப் பத்திரிகை. குழுவில் சபையார் ஒருவர் பெயரிலேயே ‘வெட்டிங் இன்விடேஷன்’ என்று ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏபிகே (.apk) என்ற மூன்று எழுத்து இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வாழ்த்து அட்டை, மற்ற நாட்களில் போக்குவரத்து அபராதம் என்று பெயர் மட்டும் மாறும். பத்திரிகை என்பது படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். அதைத் திறக்க எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஏபிகே என்றால் ஒரு செயலி. தொட்டதும் போன் “தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை அனுமதிக்கவா?” என்று கேட்கும். அந்தக் கேள்விதான் கடைசி வாசல். அங்கே நின்றுவிட்டால் ஒன்றும் ஆகாது. அனுமதித்தால் அது எஸ்எம்எஸ் வாசிக்கும் உரிமையைக் கேட்டு வாங்கி, வங்கியிலிருந்து வரும் ஓடிபியை வெளியே அனுப்பும், போனில் உள்ள எண்களுக்கெல்லாம் தன்னையே பரப்பும். சபையார் பெயரில் வந்தது என்பதால் நம்ப வேண்டாம். அவர் போன் ஏற்கெனவே விழுந்திருக்கும், அவ்வளவுதான். தெரியாமல் நிறுவிவிட்டவர் உடனே ஏரோப்ளேன் மோட் போட வேண்டும். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு யூபிஐயையும் கார்டையும் முடக்க வேண்டும். செயலியை நீக்கினால் மட்டும் போதாது, சில ஐகானையே மறைத்துக்கொள்ளும். படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் நிச்சயம்.

“அக்கா, வேதவினா போட்டிக்கு உங்க நம்பரைக் கொடுத்தேன், 6 இலக்க எண் ஒண்ணு வந்திருக்கும், சொல்லுங்க” என்பது இன்னொன்று. அது உங்கள் வாட்ஸ்அப்பை அவன் போனில் திறக்கும் சாவி. இதற்கு எதிரான பூட்டு இரண்டு நிமிட வேலை. செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். அதில் 6 இலக்க பின் ஒன்றை வைத்து, மறந்துபோனால் மீட்க ஒரு மின்னஞ்சலும் கொடுக்க வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவர் போனிலும் போட்டுக்கொடுங்கள். வாலிபர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள். ஏற்கெனவே பறிபோயிருந்தால், சொந்த எண்ணில் வாட்ஸ்அப்பை மறுபடி பதிந்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைப் போட்டதும் திருடன் வெளியே விழுவான். அவன் முந்திக்கொண்டு பின் வைத்திருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 7 நாளும் “இந்த எண்ணிலிருந்து வருவதை நம்ப வேண்டாம்” என்று எல்லாருக்கும் அறிவித்துவிடுங்கள்.

காணிக்கைக்கான க்யூஆர் அட்டையை ஞாயிறு காலை பொருளாளர் விரல் நகத்தால் ஓரத்தில் தடவிப் பார்க்க வேண்டும். மேலே இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகம் தட்டும். பிறகு 1 ரூபாய் அனுப்பி, திரையில் சபையின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வாசலில் வெளிப்புறம் ஒட்டுவதைவிட, கோவிலுக்குள்ளே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவது நல்லது. கணக்கு சபையின் பெயரில்தான் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்கிவிட்டு மாதக் கடைசியில் மாற்றுவது எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், “சபை பெயர் வரலையே” என்று சந்தேகப்படச் சபையாருக்குக் கற்றுக்கொடுத்ததை அதுவே கலைத்துவிடும். பணம் பெறுவதற்கு ஒருநாளும் யூபிஐ பின் போட வேண்டியதில்லை என்பதையும் அடிக்கடி சொல்லுங்கள்.

நேரலையில் கணக்கு எண்ணையும் க்யூஆரையும் காட்டும் சபைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்ப்பவர்களில் ஆஸ்திரேலியக் குடியுரிமையோ கனடா குடியுரிமையோ பெற்றுவிட்ட நம்மூர்ப் பிள்ளைகள் உண்டு. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர்கள் அனுப்பும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின்படி அனுமதி பெற்ற அமைப்புகூட அதை டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். அனுமதி இல்லாத சபை வாங்கவே முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் தன் சம்பளத்தை வங்கி வழியே அனுப்புவது இதில் வராது. திரையில் அட்டையைப் போடும்போது “வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் இந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டாம்” என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள்.

“இதெல்லாம் ஆவிக்குரிய வேலையா?” என்று கேட்பவர்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் அவருடன் இருந்தவர்களும் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து தாளைத் தின்றன. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். வசனத்தை நேசித்தவர்கள் ஈயத்தைக் காய்ச்சவும் கூச்சப்படவில்லை. அந்த மரபில் வந்தவர்கள் பர்மிஷன்ஸ் பக்கத்தைத் திறக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது எங்களுக்கு மிகவும் பாரமானது. மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததும் படங்கள் ஏற்றப்படுகின்றன. பிள்ளையின் நெஞ்சில் பெயர், வகுப்பு, ஊர் எழுதிய அட்டை. பின்னால் ஆலயத்தின் பலகை. அந்நியன் ஒருவன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட இவ்வளவு போதும். அட்டையைக் கழற்றிவிட்டு எடுங்கள். கூட்டமாக, தூரத்திலிருந்து எடுங்கள். படம் போடலாமா என்று பெற்றோரிடம் சேர்க்கைப் படிவத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் பிள்ளைகள் என்றே எண்ணுகிறது, பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. ஆராதனை நேரலையில் சிறுவர் பாடலுக்குக் கேமராவை முகத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். ஞாயிறு பள்ளிக் குழுவில் பெற்றோர் இருக்கட்டும், பிள்ளைகள் வேண்டாம். எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையோடும் தனிச் செய்தி பரிமாறக் கூடாது. நல்ல ஆசிரியரையும் அதுவே காக்கும்.

இதைவிடக் கொடியது மிரட்டல். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பெயரில் நட்பு வரும், வீடியோ காலுக்கு அழைக்கும், பதிவு செய்யும், பிறகு “உன் சர்ச் குரூப்புக்கு அனுப்பிவிடுவேன்” என்று பணம் கேட்கும். பதினாறு வயதுப் பையனுக்கு அந்த இரவு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பீடத்திலிருந்து அவன் இதுவரை கேட்டது “கைபேசி சாத்தானின் கருவி” என்பது மட்டும்தான் என்றால், அவன் உங்களிடம் வரமாட்டான். அவன் வரவேண்டிய முதல் வாசல் நீங்கள். “இப்படி நடந்தால் தப்பு உன்மேல் என்று நினைக்காதே, நள்ளிரவானாலும் கூப்பிடு, நான் கோபப்பட மாட்டேன்” என்று வாலிபர் ஐக்கியத்தில் உங்கள் வாயால் சொல்லுங்கள். வந்தபின் செய்ய வேண்டியது இதுதான். ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கேட்பது நிற்காது. உரையாடலை அழிக்கக் கூடாது. கணக்கின் பெயர், லிங்க், பணம் கேட்ட செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தபின் பிளாக் செய்யலாம். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமல், போனிலேயே அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்தப் படம் தங்கள் தளத்தில் ஏறாதபடி தடுக்கச் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கும்.

கமிட்டியார் ஒன்றை மறக்கக் கூடாது. “ஆதாரம் பாருங்கள்” என்று அந்தப் படத்தைக் கமிட்டி குழுவில் போடுவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தபின் “சபையின் பெயர் கெடும், நாமே பேசித் தீர்ப்போம்” என்பதும் குற்றம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 1098 குழந்தைகள் உதவி எண். அதை ஞாயிறு பள்ளிச் சுவரில், பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதி வையுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில், தான் மட்டும் வீட்டில் என்றிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களை போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ (போனிலேயே கைது) என்று வீடியோ காலில் மிரட்டிச் சேமிப்பு முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. எந்தப் போலீசும் வீடியோவில் யாரையும் கைது செய்வதில்லை. இங்கேயும் அவர்கள் போடும் முதல் நிபந்தனை “யாரிடமும் சொல்லாதே” என்பதுதான். வீடு சந்திக்கப் போகும்போது, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். பணம் போனது தெரிந்த நிமிடமே கூப்பிட வேண்டும். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யூபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருந்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகருமுன் நிறுத்தி வைக்க முடியும். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று விட்டால் அதற்குள் அது பல கணக்கு தாண்டி ஏடிஎம்மில் வெளியே போயிருக்கும்.

ஐயர்மார் மாற்றலாகும் ஆண்டில் யூடியூப் சேனலும் மாற்றலாகிவிடுகிறது. ஏனென்றால் அது பழைய ஐயரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கப்பட்டது. சபைக்கென்று தனி மின்னஞ்சல் திறந்து அதில் வையுங்கள். பாஸ்வேர்டை ஆபீஸ் சுவரில் எழுதாமல், யூடியூப் ஸ்டூடியோவின் பர்மிஷன்ஸ் பகுதியில் நேரலைக் குழுவினரை அவரவர் மின்னஞ்சலில் சேர்த்தால் போதும். சாவிக்கொத்தும் பதிவேடும் ஒப்படைக்கும் பட்டியலில் இதையும் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வரும் ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், திருமண அறிவிப்புகளுக்கு முன்னால், இதை வாசிக்கும்படி வேண்டுகிறோம். பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, திருவிருந்துக்கு எல்லாரும் வரும் நாளில், மறுபடியும்:

“சபையாருக்கு அறிவிப்பு. உங்கள் போதகர் உங்களிடம் போனிலோ வாட்ஸ்அப்பிலோ பணம் கேட்க மாட்டார். என் படத்தோடும் என் குரலிலும் யாராவது கேட்டால் அது நான் அல்ல. யாரிடமும் சொல்லாதே என்று எவர் சொன்னாலும், உடனே இன்னொருவரிடம் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் முதலில் 1930ஐக் கூப்பிடுங்கள், அடுத்ததாக என்னைக் கூப்பிடுங்கள்.”

கர்த்தருடைய பணியில்,
சபைகளில் ஒலி-ஒளி, நேரலை, காணிக்கைக் கணக்கு வேலைகளைப் பார்த்துவரும் விசுவாசிகள்